காத்திருப்பின் விலைப்பட்டியல்

எதிர்வீட்டு அண்ணாச்சியின் மாடியில் 42 பைகள் இருக்கின்றன. கத்தரி, வெண்டை, தக்காளி, சீனி அவரை, மூலையில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் பிரண்டை. தென்னை நார்க்கழிவு எத்தனை படி, மண்புழு உரம் எத்தனை கை, வேப்பம் புண்ணாக்கு என்றைக்குப் போட்டது என்று ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாக நோட்டில் குறித்து வைத்திருப்பார். அளந்து எழுதுவது அவருக்குக் கைவந்த வேலை. அளந்து எழுதியதால்தான் மாடிக்கே வந்து சேர்ந்தார்.

அவர் ஒரு துறையில் ஓவர்சியர். ஊருக்கு மேற்கே ஓர் ஓடை. அதன் மேல் குழாய்ப்பாலம் கட்டியாயிற்று என்று எம்-புக்கில் அளவெழுதிக் கையெழுத்துப் போட்டார். நீளம் இருந்தது, அகலம் இருந்தது, சிமெண்டுக்கும் மணலுக்கும் ஜல்லிக்கும் உண்டான விகிதம் இருந்தது. பாலம்தான் இல்லை. ஐப்பசி மழையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்து, செருப்பைக் கையில் பிடித்து, பாலம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனார்கள். எவனோ செல்போனில் பிடித்துப் போட்டுவிட்டான். மூன்றாம் நாள் அண்ணாச்சிக்கு உத்தரவு வந்தது. பணியிடை நீக்கம்.

அன்றிலிருந்து 14 மாதம் அவர் தோட்டக்காரர்.

"என்ன அண்ணாச்சி, 17 பி வந்துட்டா?" என்று தெருவிலிருந்தே கேட்பேன். குற்றச்சாட்டு மெமோவுக்கு அரசு ஊழியர் வீட்டில் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது. ஒழுங்கு நடவடிக்கை விதிகள் 1955-ல் வந்தவை. சின்னத் தப்புக்கு 17 ஏ, பெரிய தப்புக்கு 17 பி, சஸ்பெண்டுக்கு 17 இ.

"எங்கடே வர? ஃபைலைப் பாத்துக்கிட்டு இருந்த கிளார்க்கை மாத்திட்டானாம். புது ஆளு வந்து முதல்லேருந்து படிக்கணும்லா" என்பார் அண்ணாச்சி, பூவாளியைச் சாய்த்தபடி.

"இவ்வளவு காய்க்குதே, விக்கலாம்லா?"

"விக்கப்படாது. வேற எந்தத் தொழிலும் பாக்கலைன்னு எழுதிக் குடுத்தாத்தான் பணம் வரும்."

அவர் சொல்வது நிஜம். பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் என்று ஒன்று உண்டு. அடிப்படை விதி 53. முதலில் பாதிச் சம்பளம். விசாரணை இழுத்துக்கொண்டே போய், இழுத்தது அவர் இல்லையென்றால் முக்கால் வரைக்கும் ஏறும். நான் வேறு வேலையிலோ தொழிலிலோ வியாபாரத்திலோ ஈடுபடவில்லை என்று சான்றெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டாத பாலத்தைக் கட்டியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவரிடம் அரசு மறுபடியும் ஒரு கையெழுத்தை வாங்கி, அதை நம்பிப் பணம் கொடுக்கிறது. இந்தச் சான்றுக்கு அண்ணாச்சி ரொம்பப் பயந்தார். அதனால் ஒரு கத்தரிக்காயைக்கூட விற்கவில்லை. தெரு முழுக்க இனாமாகக் கொடுத்தார். எங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு 14 மாதம் அரசாங்கச் செலவில் கொதித்தது. ருசியில் குறை சொல்ல மாட்டேன்.

பணியிடை நீக்கம் என்ற சொல்லைப் பாருங்கள். பணியும் இல்லை, நீக்கமும் இல்லை. ஆள் நிற்பது இடையில். பிழைப்பூதியம் அதைவிட நேர்த்தி. பிழைக்கக் கொடுக்கும் ஊதியம் என்றும் படிக்கலாம், பிழைக்குக் கொடுக்கும் ஊதியம் என்றும் படிக்கலாம். கோட்டையில் உட்கார்ந்து இந்தச் சொல்லை ஆக்கிய மொழிபெயர்ப்பாளர், பெரிய புலவராக இருக்க வேண்டும் அல்லது சஸ்பெண்டில் இருந்தவராக இருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் ஊரில் இதற்கு அண்ணன் முறையான ஒரு சமாச்சாரம் உண்டு. தோட்ட விடுப்பு. வேலையை விட்டுப் போகிறவரை, அல்லது விசாரணை முடியும் வரை அலுவலகத்தில் வைத்துக்கொள்ள விரும்பாதவரை, முழுச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பி, போய் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்பார்கள். 1986-ல் பிபிசியின் 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' நாடகத்தில் அந்தச் சொல் வந்த பிறகு ஊரெல்லாம் பரவி, அரசு அலுவலகங்களைக் கேலி செய்ய வசதியான சொல்லாகிவிட்டது. அங்கேயாவது பெயரில் தோட்டம் இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தெரியும். நம் ஊரில் பெரிய அதிகாரிகளை அப்படி உட்கார வைப்பதற்கு வைத்திருக்கும் பெயர், காத்திருப்போர் பட்டியல்.

ரயிலிலும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. அங்கே சார்ட் போடும்வரை சீட்டு உறுதியாகவில்லை என்றால் பயணம் கிடையாது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் தானாக ரத்தாகி, கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சப் பணம் திரும்பி வரும். கோட்டையின் பட்டியலில் அந்த இழவெல்லாம் இல்லை. சீட்டு உறுதியாகாதவருக்குத்தான் வீட்டு வாசலில் வண்டி. கட்டாயக் காத்திருப்பில் வைக்கப்பட்ட அதிகாரிக்கு நாற்காலி இல்லை, மேசை இல்லை, ஃபைல் இல்லை. சம்பளம் மட்டும் உண்டு. ஏனென்றால் அடிப்படை விதி 9-இன் ஆறாம் உட்பிரிவு, உத்தரவுக்காகக் கட்டாயமாகக் காத்திருக்கும் காலத்தையும் பணிக்காலமாகவே எண்ணிக்கொள்ள வழி விட்டிருக்கிறது. 1922 ஜனவரி 1-ல் வெள்ளைக்காரன் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்புத்தகம். அவன் போய்விட்டான். புத்தகம் போகவில்லை. காத்திருப்பதும் கடமையே என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்வதைக் கேட்டால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. எங்கள் பெரியம்மா இதைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவாள். பெரியம்மாவிடம் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு புகார் கிளம்பியது. விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போன ஆட்களின் பற்களை உதவிக் காவல் கண்காணிப்பாளர் பிடுங்கினார் என்று. பல் போன வாயோடு ஆட்கள் கேமரா முன்னால் நின்று பேசினார்கள். அரசு உடனே பாய்ந்தது. எங்கே என்கிறீர்கள்? அதிகாரி காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம். பல் போனவன் ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருக்க, பிடுங்கியதாகச் சொல்லப்பட்டவர் பட்டியலில் காத்திருக்க, சமத்துவம் என்றால் இதுவல்லவா! பிறகு சட்டமன்றத்தில் பேச்சு எழுந்து, முதலமைச்சரே அறிவித்து, பணியிடை நீக்கம் ஆனது. 2024 தொடக்கத்தில் அந்த நீக்கமும் நீங்கியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பல்லுக்கு ஒரு வசதி, மறுபடி முளைக்காது. அதனால் அதற்கு அவசரமில்லை.

2025 ஜூன் கடைசியில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், வயது 27, நகை காணாமல் போன ஒரு புகாருக்காகத் தனிப்படைக் காவலர்கள் கையில் சிக்கி, உயிரோடு திரும்பவில்லை. உடம்பில் 44 காயங்கள் என்று உயர் நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. மாவட்டக் கண்காணிப்பாளருக்கு? அதேதான். காத்திருப்போர் பட்டியல். அரசு ஏதோ செய்துவிட்டது என்று மறுநாள் பேப்பரில் வர வேண்டும். ஆனால் எதுவும் செய்திருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிறைவேற வேண்டுமென்றால் அதற்கு இருக்கும் ஒரே மருந்து இந்தப் பட்டியல். குற்றம் செய்தார் என்று சொன்னதாகவும் ஆகாது, செய்யவில்லை என்று சொன்னதாகவும் ஆகாது. பொதுமக்கள் கோபம் ஆற ஆகும் நாள் எவ்வளவோ அவ்வளவு நாள் அவரை அடுப்பங்கரைப் பரணில் ஊறுகாய் ஜாடி மாதிரி ஏற்றி வைத்துவிட்டு, பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

சரி, தப்பு செய்ததாகப் பேச்சு எழுந்தவர்கள் அங்கே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். என் வயிற்றெரிச்சல் வேறு. கொள்ளையைக் காட்டிக்கொடுத்தவருக்கும் அதே பரண்தான்.

மதுரை ஆட்சியராக இருந்து 2012-ல் கிரானைட் கொள்ளையைக் கணக்குப் போட்டு எழுதி அனுப்பினார் சகாயம். மலையை வெட்டி விற்றவர்களுக்கு வந்ததோ இல்லையோ, அவருக்கு மாற்றல் வந்தது. கோ-ஆப்டெக்ஸ். அங்கே போய் வேட்டியையும் சேலையையும் விற்றுக் காட்டினார். விற்பனை நன்றாக நடக்கிறது என்றால் அதிகாரி அங்கே இருப்பது நியாயமா? 2014-ல் அறிவியல் நகரத்துக்குத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். அந்த நகரத்துக்குப் பஸ் எங்கே ஏற வேண்டும் என்று நான் பலரிடம் விசாரித்திருக்கிறேன். விருப்ப ஓய்வு கேட்டு வெளியே வரும்வரை, ஆறாண்டுக் காலம், ஒரு மாவட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. கிரானைட்டை விசாரிக்க ஆள் வேண்டுமென்று உயர் நீதிமன்றம் தேடியபோது அவர்தான் தகுதியாகத் தெரிந்தார், அரசுக்குத் தெரியவில்லை. நாற்காலி, மேசை, பெயர்ப்பலகை எல்லாம் இருந்ததால் இதைக் காத்திருப்பு என்று யாரும் எழுதவில்லை. தோட்டம் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

வடக்கே இதைவிடத் துல்லியமாகக் கணக்கு வைத்த ஒருவர் இருக்கிறார். அரியானாவின் அசோக் கெம்கா. 1991-ம் வருடத்து ஐஏஎஸ். சுமார் 34 ஆண்டுப் பணியில் 57 மாற்றல்கள் வாங்கி 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 2023 ஜனவரியில் அவரை ஆவணக் காப்பகத்துக்குத் தள்ளினார்கள். அவர் முதலமைச்சருக்கு எழுதினார்: என் சம்பளம் வருடத்துக்கு 40 லட்சம், இந்தத் துறையின் மொத்த பட்ஜெட்டே 4 கோடி, வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இங்கே வேலை இல்லை. வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 76,923 ரூபாய். அவர் கேட்ட சம்பளம் அல்ல இது. வேலை கொடுங்கள் என்றுதான் கேட்டார். அவரை வேலை செய்ய விடாமல் வைக்க அரியானா அரசு மணிக்கு 76,923 ரூபாய் செலவழிக்கத் தயாராக இருந்தது. நேர்மைக்கு நம் நாட்டில் மதிப்பில்லை என்று இனி ஒருவனும் சொல்லக் கூடாது. மணிக்கு இவ்வளவு மதிப்பிருக்கிறது.

நீதிமன்றங்கள் சும்மா இருந்தன என்று சொல்ல மாட்டேன். அதிகாரிகளைப் பந்தாடாதீர்கள், ஓரிடத்தில் குறைந்தபட்சக் காலம் வையுங்கள், அதற்கு ஒரு வாரியம் வையுங்கள் என்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றச்சாட்டு மெமோ கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பெண்டில் வைக்காதீர்கள் என்று அஜய்குமார் சௌத்ரி வழக்கில் 2015 பிப்ரவரியில் சொன்னது. நம் தமிழ்நாட்டு ஐபிஎஸ் அதிகாரி ஒருவர் ஆறாண்டுக்கு மேல் பணியிடை நீக்கத்திலேயே இருந்த விஷயம் 2018 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்துக்குப் போனபோது, இன்னும் நீட்டி என்ன பிரயோஜனம் என்ற பொருளில் நீதிபதிகள் தீர்ப்பெழுதினார்கள். ஆறாண்டு! அவர் குற்றவாளி என்றால் ஆறாண்டு அரசுப் பணத்தில் வீட்டிலிருந்தார். நிரபராதி என்றால் ஆறாண்டு அவர் வாழ்க்கையைத் தின்றோம். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் விசாரணை. அந்த வேலையைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது.

இன்னொரு கூத்தும் வெகுகாலம் நடந்தது. 58-ம் வயதின் கடைசி நாள், ஆபீசில் சந்தன மாலையும் நினைவுக் கேடயமும் வாங்கி வைத்து, கேசரி கிண்டி இறக்கியிருப்பார்கள். சாயங்காலம் ஒரு கவர் வரும்: ஓய்வு பெற அனுமதி இல்லை, பணியிடை நீக்கம். பத்து வருஷத்துக்கு முந்தைய தணிக்கைக் குறிப்பு ஒன்று அன்றைக்குத்தான் யாருக்கோ ஞாபகம் வந்திருக்கும். மாலையைப் போடுவதா வேண்டாமா என்று சங்கத்துக்காரர்கள் முழிப்பார்கள். இந்த வழக்கத்தைக் கைவிடுகிறோம் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு கெட்ட பழக்கத்தை விடுகிறேன் என்று சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டிய அளவுக்கு அது ஊறிப்போன பழக்கம்.

இதையெல்லாம் தாமதம் என்று சொல்லும் வெள்ளந்திகள் இருக்கிறார்கள். அரசு இயந்திரம் மெதுவாகத்தான் சுற்றும் சார் என்பார்கள். மெதுவாகவா? அண்ணாச்சியின் உத்தரவு மூன்றே நாளில் வந்தது. சகாயத்தை அறிவியல் நகரத்துக்கு அனுப்ப எந்தக் கமிட்டியும் வருஷக்கணக்கில் ஆராயவில்லை. காத்திருக்க வைக்கும் உத்தரவு எப்போதும் ராத்திரியோடு ராத்திரியாக டைப் ஆகிவிடுகிறது. முடிவெடுக்கத் தெரியாததால் வைக்கிற காத்திருப்பு அல்ல இது. முடிவே இதுதான். விசாரித்தால் மேலே யார் சொன்னார்கள் என்று வரும். தண்டித்தால் அவன் வாயைத் திறப்பான். விடுவித்தால் ஊர் வாயைத் திறக்கும். ஆகையால் அவன் சம்பளத்தை எண்ணி வாயில் போட்டு, மாடிக்கு அனுப்பி, செடி வைக்கச் சொல்.

அண்ணாச்சியே ஒருநாள் இதைச் சொன்னார். மோட்டார் போட்டுத் தொட்டி நிறையும்வரை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். "கையெழுத்து நான் போட்டது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தப் பணம் எங்கிட்ட வந்து நின்னுச்சா? எனக்கு மேல மூணு கையெழுத்து இருக்கு. அவங்க யாரும் செடி வைக்கலை பாத்தியா" என்றார். பிறகு எழுந்து போய் வெண்டையில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. உடனே அந்த ஓடையில் தலையில் பையோடு போன பிள்ளைகள் ஞாபகம் வந்து, இரக்கம் போய்விட்டது. பிறகு மறுபடி வந்தது. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே இதுதான். யார்மேல் கோபப்படுவது என்று ஒருநாளும் தெரிய விடாது.

கோபத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பெரியம்மா உதவினாள்.

பெரியம்மாவுக்கு 67 வயது. பெரியப்பா போய்ப் பதினோரு வருஷம். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 2024-25-ல் தமிழ்நாட்டில் அதற்குக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அந்தக் குளிர்காலத்தில் வெட்டின மண்ணுக்குக் கூலி வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. 1,056 கோடி நிலுவை நிற்கிறது, கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றது நூறு நாள் வேலைச் சட்டம். தராவிட்டால்? அதற்கும் விதி இருந்தது. அண்ணாச்சிக்கு அடிப்படை விதி 53 இருந்த மாதிரி பெரியம்மாவுக்கும் ஒரு விதி. 16-ம் நாளிலிருந்து, நிலுவைக் கூலியில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் தாமத இழப்பீடு. 319 ரூபாய்க்குக் கணக்குப் போட்டேன். 16 காசு வந்தது.

16 காசு. அந்த நாணயம் எக்காலத்திலும் அச்சடிக்கப்பட்டதில்லை. 25 காசையே 2011-ல் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வேலையே இல்லாமல் காத்திருந்த ஐஏஎஸ் அதிகாரிக்கு மணிக்கு 76,923 ரூபாய். வெயிலில் கம்மாயில் மண் வெட்டி முடித்துவிட்டு அதன் கூலிக்குக் காத்திருந்த கிழவிக்கு நாளைக்கு 16 காசு. அதையும் அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை. காத்திருப்புக்கு இந்த நாட்டில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. ரேஷன் கடை வாசலில் பலகையில் எழுதிப் போடுகிற மாதிரி இதையும் எழுதிப் போட்டால் மக்களுக்கு வசதியாக இருக்கும்.

பகுதிநேர ஆசிரியர்களுக்கு அந்தப் பலகையில் ஒரு தனி வரி. 2012-ல் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தையலுக்கும் கணினிக்கும் என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. ஆகையால் மே மாதம் சம்பளம் கிடையாது என்று வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். வேலை செய்யாத மாதத்துக்கு எப்படிச் சம்பளம் தருவது? விதி இடம் கொடுக்க வேண்டாமா? தையல் டீச்சருக்கு மே மாதம் வயிறு பசிக்காது என்பதைக் கண்டுபிடித்த அதே நிதித்துறைதான், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பெரிய மனிதருக்கு மாதக் கடைசி வேலை நாளில் தவறாமல் பட்டுவாடா செய்கிறது.

கூலி ஒருபக்கம் நிற்க, பெரியம்மா முதியோர் உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டிருந்தாள். 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். தாலுகா ஆபீசில் கொடுத்தாள். மகன் இருக்கிறான், ஆதரவு உண்டு என்று தள்ளிவிட்டார்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறான். அவனுக்கே ஆதரவு தேவை. பிறகு திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகம். மனு வாங்குவார்கள், நம்பர் போடுவார்கள், போனில் குறுஞ்செய்தி வரும். மனு ஆட்சியரிடமிருந்து தாலுகாவுக்குப் போகும், தாலுகாவிலிருந்து விஏஓவுக்குப் போகும், விஏஓ முன்பு எழுதியதையே பார்த்து எழுதுவார், மகன் இருக்கிறான் என்று. அது வந்த வழியே திரும்பி ஏறும். ஒன்பது திங்கட்கிழமை ஆயிற்று. எந்த ஆபீஸ், எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும் திங்கட்கிழமை உண்டு.

ஒன்பதாவது வாரம் நானே அவளுக்கு ஒரு மனு எழுதினேன். பொருள்: கட்டாயக் காத்திருப்புக் காலத்தைப் பணிக்காலமாகக் கருத வேண்டுதல் தொடர்பாக. பார்வை: அடிப்படை விதி 9, உட்பிரிவு 6. மேற்படி மனுதாரர் தங்கள் அலுவலகத்தின் உத்தரவை எதிர்பார்த்து, தங்கள் அலுவலக வளாகத்தில், தங்கள் அலுவலர்களால் உட்காரச் சொல்லப்பட்டு, ஒன்பது நாட்கள் கட்டாயமாகக் காத்திருந்தார் என்பதையும், அக்காலத்தில் வேறெந்தத் தொழிலிலும் ஈடுபடவில்லை என்பதையும் இதன்மூலம் சான்றளிக்கிறார். எனவே இந்த ஒன்பது நாட்களையும் பணிக்காலமாகக் கருதி உரிய ஊதியம், பஸ் கட்டணம், ஒருவேளை டீ வடை ஆகியவற்றை... பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இப்படி எழுதுனா குடுப்பாகளா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய மாதிரியே இன்னொன்று எழுதினேன்.

அந்த வாரத்தில்தான் அண்ணாச்சிக்கு உத்தரவு வந்தது. பணியிடை நீக்கம் ரத்து, பக்கத்துத் தாலுகாவில் சேர வேண்டியது, விசாரணை தன்பாட்டில் தொடரும். இந்த 14 மாதத்தையும் பணிக்காலமாக எடுத்துக்கொண்டால் மிச்சச் சம்பளம் மொத்தமாக வரும். வருமென்றுதான் சங்கத்தில் சொல்கிறார்களாம். மெமோ இன்னும் வரவில்லை. ஓடையில் பாலமும் வரவில்லை. அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க மதிப்பீடு தயாராகிறது என்று டீக்கடையில் ஒரு பேச்சு. இல்லாத பாலம் எப்படிப் பழுதாகும் என்று முதலில் நம்பவில்லை. இல்லாத பாலத்துக்குப் பில் எப்படிப் பாஸானது என்று யோசித்துப் பார்த்தபின் நம்புகிறேன். அண்ணாச்சி வேலையில் சேரும் முன் கடைசி அறுவடையைத் தெருவுக்குப் பங்கு வைத்தார். பெரியம்மாவுக்கு ஒரு கிலோ கத்தரிக்காய்.

பத்தாவது திங்கட்கிழமை நானும் அவளோடு போனேன். வாசலில் வரிசை. பைகளைத் திறந்து காட்டச் சொல்லிக் காவலர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சோதனையை எல்லா ஊரிலும் இறுக்கக் காரணமான நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2017 அக்டோபர் 23. அதுவும் திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி மேலும் இரண்டு பெண் குழந்தைகள் மேலும் தன் மேலும் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். நான்கு பேரும் போய்விட்டார்கள். அதற்கு முன்னால் பலதடவை மனு கொடுத்துக் காத்திருந்த குடும்பம். அந்தச் சாம்பலிலிருந்து அரசு படித்த பாடம், இனி எவனும் மண்ணெண்ணெயோடு உள்ளே வந்துவிடக் கூடாது என்பது.

பெரியம்மாவின் முறை வந்தது. மஞ்சப்பையில் மனு, ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பழைய குளிர்பானப் பாட்டிலில் தண்ணீர். அந்தப் பெண் காவலருக்கு என் மகள் வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். பாட்டில் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, மறுபடி முகர்ந்தாள்.

"தண்ணிதான் தாயி" என்றாள் பெரியம்மா. பாட்டிலைத் திரும்ப வாங்கி, அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்குவது காவலர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு மடக்குக் குடித்துக் காட்டினாள்.

"போங்க பாட்டி" என்றாள் காவலர். "உள்ள போய் உக்காருங்க, கூப்பிடுவாங்க."